பனி பிடித்தும் குளிராத அறை

குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அறையோ குளிரவில்லை. முன்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே சுருளின்மேல் வெள்ளை வெளேரென்று பனி! பனி உறையும் அளவுக்குக் குளிர் இருந்தும் அறை ஏன் குளிரவில்லை? விடை பெரும்பாலும் தூசியில் இருக்கிறது.

சுருள் என்பது உலோகக் குழாய்களும், அவற்றின்மேல் நெருக்கமாகச் செருகிய மெல்லிய அலுமினியத் தகடுகளும்தான். குழாயினுள் குளிர்பதனத் திரவம் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று தாராளமாக வரும்வரை சுருள் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியசில் இருக்கும். அதில் படும் நீராவி நீராகிச் சொட்டி, வடிகுழாய் வழியே வெளியேறும்.

வடிகட்டியைத் தூசி அடைத்தால் காற்று குறைகிறது. திரவம் கொதிக்க வெப்பம் போதவில்லை. ஆனால் கம்ப்ரசரோ ஆவியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே குழாயில் அழுத்தமும் வெப்பநிலையும் இறங்குகின்றன. 0 டிகிரிக்குக் கீழே சென்றதும் ஈரம் பனியாகிறது. பனி தகடுகளின் இடைவெளியை அடைக்க, காற்று இன்னும் குறைகிறது. பனி இன்னும் வளர்கிறது. குளிர் சுருளிலேயே சிறைப்பட்டுவிடுகிறது!

பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். குழாயில் ஓட்டை விழும். சாதனத்தை நிறுத்தினால் தானே உருகிவிடும். பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, வடிகட்டியைக் கழற்றி, குழாய் நீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது போதும். வெளிப்பெட்டியைத் திறக்கும் வேலை உங்களுடையதன்று. அதிலுள்ள மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும்.

வடிகட்டி சுத்தமாக இருந்தும் பனி திரும்ப வந்தால், வாயு கசிந்திருக்கலாம். ‘ஆண்டுதோறும் வாயு நிரப்ப வேண்டும்’ என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மூடிய குழாயில் சுற்றும் வாயு பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் கசிவை அடைக்காமல் நிரப்பிப் பயனில்லை.

வடிகுழாயின்கீழ் ஒரு வாளி வைத்து, ஒரு மணி நேரத்தில் சேரும் நீரை அளந்து பாருங்கள். 1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நீராவி நீராகும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 3,600 நொடியால் வகுத்தால் 0.68 கிலோவாட். ‘ஒரு டன்’ சாதனத்தின் திறன் 3.5 கிலோவாட். முழு ஆற்றலில் ஓடினால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்றை உலர்த்துவதற்கே போகிறது. மழைநாளில் அளந்தால் விடை எப்படி மாறும்?