உப்புக் காற்று வீட்டுக்கு மாடிப்படி: கைகண்ட குறிப்புகள்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கடலோரம் வீடு கட்டும் நமக்கெல்லாம் படிக்கட்டில் இரண்டு தொல்லைகள்: காலோடு ஏறும் மணல், காற்றோடு வரும் உப்பு. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பொருள் எடுத்தால் காசும் மிஞ்சும், முழங்காலும் தப்பும்.

1. டைல்ஸ் கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் போத்தலில் தண்ணீரும், பொட்டலத்தில் ஒரு பிடி மணலும் எடுத்துப் போங்கள். மாதிரித் துண்டை நிலத்தில் வைத்து நனைத்து, மணலைத் தூவி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். வழுக்கினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் படிக்கு வேண்டாம்.

2. பளீர் வெள்ளையிலும் கறுப்பிலும் ஒவ்வொரு மணலும் எண்ணலாம் போலத் தெரியும். புள்ளி விழுந்த மணல் நிறம் எடுத்தால், சோழகக் காற்றுக் காலத்திலும் நாளுக்கு ஒரு தரம் கூட்டினால் போதும்.

3. மிதிக்கும் இடத்துக்கு மட்டும் டைல்ஸ் பதித்து, முகப்பைச் சீமெந்துப் பூச்சோடு விட்டுவிடுங்கள். 3 அடி அகலம், 7 அங்குல உயரத்தில் 17 படி என்றால் கிட்டத்தட்ட 30 சதுர அடி மிச்சம். முகப்புக்குக் கடும் நிற எனாமல் பெயின்ட் அடித்தால் கால்விரல் பட்ட கறையும் தெரியாது.

4. கை இறுக்கமா? நம் பெரியவர்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்தை விட மலிவும் குளிர்ச்சியும் வேறெதிலும் இல்லை. எல்லாப் படிக்கும் வேண்டிய நிறத்தூளை ஒரே தடவையில் வாங்கி, தண்ணீர் விடுமுன் சீமெந்தோடு உலர்ந்தபடியே கலக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படிக்கு ஒரு சிவப்பு வரும். பூச்சு இறுகத் தொடங்கும்போது, நுனியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தும்புக் கயிற்றை மூன்று வரியாக அழுத்தி எடுங்கள். அந்த முறுக்குத் தடம் அப்படியே பதிந்து, ஈரக்காலையும் பிடித்து நிறுத்தும். பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், வெடித்துவிடும்.

5. கடல் மணலில் பூசினால் படியில் வெள்ளையாக உப்புப் பூக்கும், உள்ளே கம்பியும் துருப்பிடிக்கும். மணல் லொறி வந்ததும் நாலு மணியை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கரித்தால் இறக்க விடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், கலவைக்கும் நனைக்கவும் நல்ல தண்ணீர் ஒரு பவுசர் எடுப்பது வீண் செலவே அல்ல.

6. தோட்டத்தில் காய்ப்பு நின்ற கிழட்டுத் தென்னை தறித்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடிமரத்தின் வெளிப்புற வைரம் உள்வீட்டுப் படிப்பலகைக்கு நன்றாக உழைக்கும். நடுச்சோற்றி மெத்தென்றிருக்கும், அதைச் சேர்க்க வேண்டாம்.

7. மரப்படிக்கு இரும்பு ஆணி வேண்டாம், பித்தளைத் திருகாணி போடுங்கள். இரும்பு துருப்பிடித்தால் பலகையும் கறுத்து, படியும் ஆடத் தொடங்கும்.

8. டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே நிற எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக எடுங்கள். பிறகு அதே நிறம் தேடி அலைவது பெரும்பாடு.

9. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒவ்வொரு படி நுனியிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டி கட்டாயம் வேண்டும். வெட்டி மிஞ்சிய சொரசொரப்பான டைல்ஸ் துண்டே போதும். கரண்ட் போன இரவில் கைவிளக்கு வெளிச்சத்திலும் படி எங்கே முடிகிறது என்று தெரியும்.

10. வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், பக்கத்தில் தும்புக் கால்மிதி. பிள்ளைகள் கடற்கரையால் வந்ததும் கால் கழுவித் துடைத்துவிட்டு ஏறட்டும். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும்படி ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டி விடுங்கள்.