மூட்டு ஆபரேஷனுக்கு முன்னாடி குதிகாலைப் பாரு

உன் மாமியாருக்கு முழங்கால் மூட்டு மாத்த ஓசூர்ல தேதி குடுத்துட்டாங்கன்னு சொன்னே. நல்லது கண்ணு. மாந்தோப்புல நின்னே தேஞ்ச கால் அது.

எந்தக் கம்பெனி மூட்டு, என்ன ரேட்டுன்னுதான் மத்தூர்ல எல்லாரும் கேப்பாங்க. அதுல ரொம்ப அலையாதே. 2017 ஆகஸ்ட்லயே மத்திய அரசு மூட்டுக்கு உச்சவிலை வெச்சிருச்சு. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போ வெச்சது 54,720 ரூபா, ஜிஎஸ்டி தனி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, அந்த ஆஸ்பத்திரியில எடுத்துக்குவாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோ. நீ பயப்பட வேண்டியது கிருமிக்கு.

மூட்டைப் பெரும்பாலும் எலும்பு சிமெண்ட் வெச்சுத்தான் ஒட்டுவாங்க. பொடியையும் திரவத்தையும் கலந்தா கொஞ்ச நேரத்துல கல்லா இறுகிடும். அதுல ஆன்டிபயாடிக் மருந்து கலக்கறதும் உண்டு. சிமெண்ட் இல்லாம, சொரசொரப்பான உலோகத்துக்குள்ள எலும்பே வளர்ந்து பிடிச்சுக்கிற வகையும் இருக்கு. எது சரின்னு எலும்போட பலத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஆனா எப்படி ஒட்டினாலும் உலோகத்துக்குள்ள ரத்தம் ஓடாது. கிருமி அதுல ஒக்காந்தா, கிணத்துப்படியில பாசி படியற மாதிரி படலம் கட்டிக்கும். மாத்திரை அதைத் துளைக்காது. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் இப்படி ஆகுது. ஆனவங்களுக்குப் பல சமயம் போட்ட மூட்டையே கழட்டி, மருந்து சிமெண்ட்டைச் சில வாரம் உள்ள வெச்சு, மறுபடியும் புதுசா போட வேண்டி வருது.

அதனால இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு அவங்க குதிகாலைப் பாரு. செருப்பில்லாமத் தோட்டத்துல நடக்கறவங்க, பித்தவெடிப்பு ஆழமா இருக்கும். விரல் இடுக்குல சேத்துப்புண் இருக்கான்னு பிரிச்சுப் பாரு. இருந்தா ஆறின பிறகுதான் ஆபரேஷன். சொத்தைப் பல்லும், மூத்திரம் போகும்போது எரிச்சலும் இதே கணக்குதான். சுகர்ல காலைல பார்க்கற ஒத்தை அளவை நம்பாதே, மூணு மாச சராசரியைப் பாரு. அது எட்டுக்கு மேல போனா நிறைய டாக்டருங்க தேதியைத் தள்ளி வெப்பாங்க. தள்ளி வெச்சா கோவப்படாதே, அது உன் மாமியாரோட நல்லதுக்குத்தான். கடைசி மூணு மாசத்துல வலிக்கு முட்டியில ஊசி போட்டிருந்தா மறைக்காமச் சொல்லிடு. முதல் நாள் வீட்ல பிளேடு வெச்சு முடி எடுக்கவே கூடாது. சின்னக் கீறல்கூட கிருமிக்கு வாசல்.

வீட்டுக்கு வந்தப்புறம் தையல் மேல எண்ணெய், மஞ்சள், பத்து எதுவும் வேண்டாம். பாக்க வர்ற சொந்தம் ஆளுக்கொண்ணு சொல்லும். நீதான் தடுக்கணும். எங்க எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குப் பத்தாம் நாள் கட்டுல ஒரு ரூபா அளவுக்கு ஈரம். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க. ஈரம் நின்னுச்சு, உள்ள கிருமி நிக்கல. மாத்திரையால டெஸ்ட்லயும் அது சரியா சிக்கல. மூணு மாசம் கழிச்சு மூட்டையே கழட்டினாங்க. முதல் சில வாரத்துக்குள்ள போயிருந்தா, திறந்து கழுவி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தி மூட்டைக் காப்பாத்தவும் வாய்ப்பு இருந்திருக்கும். அதனால செவப்பு தெரிஞ்சா அதோட ஓரத்துல பேனாவால கோடு போட்டு வை. கோட்டைத் தாண்டினாலோ, கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே போ. அவர் முட்டியில நீர் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் ஆன்டிபயாடிக் குடுக்காதே.

இன்னொண்ணு. பௌர்ணமின்னா திருவண்ணாமலை பஸ் ஏறிடுவாங்க உன் மாமியார். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்கால்ல, அதுவும் சுகரோட, இனி வேண்டாம். கால்ல வந்த புண்ணுல இருக்கிற கிருமி, ஆபரேஷன் ஆகி வருஷம் கழிச்சும் ரத்தம் வழியா மூட்டுக்குப் போகலாம். சாமி கும்பிட கோயிலுக்குள்ள போயிட்டு வரட்டும், போதும். அப்புறம், நல்லா நடந்துட்டு இருந்தவங்களுக்கு சில வருஷம் கழிச்சு, எந்திரிச்சு வெக்கிற முதல் அடியில வலிச்சா மூட்டு தளர்ந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துடு.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கில்ல? இந்த வாரமே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு எனக்கு போன் பண்ணு.