கைவிட்ட சுரங்கத்தில் கல்நார்க் கழிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் மட்காது, எரியாது, நீரில் கரையாது. பழைய கூரைத் தகடுகள், குழாய்கள், கொதிகலன் உறைகள் ஆகியவற்றிலிருந்து சேரும் கல்நார்க் கழிவை ஏதேனும் ஓரிடத்தில் நிரந்தரமாக வைத்தே ஆகவேண்டும். கைவிட்ட சுரங்கம் அதற்குத் தோதான இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதையொட்டிய நம்பிக்கைகளில் பாதி உண்மைகளும் ஆபத்தான தவறுகளும் கலந்துள்ளன.

நம்பிக்கை: பூமியிலிருந்து எடுத்ததைப் பூமிக்கே திருப்பித் தருவதில் தீங்கில்லை.

உண்மை: பாறைக்குள் இருக்கும்வரை கல்நார் இழைகள் இறுகிக் கிடக்கும். வெட்டி, உடைத்து, அரைத்துவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் நீலக் கல்நார்ச் சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. வெளியே குவித்த கழிவு அகலவில்லை; 2007இல் விட்டனூம் ஊர் என்ற தகுதியையே இழந்தது. ஜார்க்கண்டின் ரோரோ மலையில் 1983இல் கைவிட்ட சுரங்கத்தின் கழிவும் சரிவில் திறந்து கிடந்து, மழையில் கீழேயுள்ள வயல்கள்வரை அடித்து வரப்பட்டது.

நம்பிக்கை: புதைத்த கல்நார் நிலத்தடி நீரில் கரைந்து கிணறுகளை நஞ்சாக்கிவிடும்.

உண்மை: கல்நார் கரைவதில்லை; மண்ணுக்குள் அதன் இழைகள் எளிதில் நகர்வதுமில்லை. குடிநீரில் உள்ள கல்நாருக்கு உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதையும் வகுக்கவில்லை. பெரிய ஆபத்து மூச்சுக்காற்று வழியாகவே வருகிறது. உள்ளிழுத்த இழைகள் நுரையீரல் புற்றையும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமாவையும் உண்டாக்கும். நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். ஆயினும் நீரைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. பம்புகள் நின்ற சுரங்கத்தில் நீர் ஏறும்; பைகள் கிழியும்; அங்கிருந்து வெளியேறிய சேறு காய்ந்தால் இழைகள் மீண்டும் பறக்கும்.

நம்பிக்கை: செங்குத்துக் குழியில் கொட்டி வாயை மூடினால் போதும்.

உண்மை: ஆழக் குழியில் எறியும் தகடு விழும்போதே நொறுங்கி இழைகளை வெளிவிடும். வெளியே காற்றழுத்தம் குறையும்போது சுரங்கத்துக்குள்ளிருக்கும் காற்று பிளவுகள் வழியே மேலே வரும். முறையான அகற்றத்தில் தகட்டை முதலில் நீர் தெளித்து நனைக்கிறார்கள், உடைக்காமல் கழற்றுகிறார்கள், தடித்த பாலிதீனில் இரண்டு அடுக்காகச் சுற்றி, ஒட்டி, எச்சரிக்கைச் சீட்டு இடுகிறார்கள். நிலத்தில் புதைக்கும் இடங்களில், அன்றைய கழிவின்மேல் குறைந்தது 15 செ.மீ. கல்நார் கலவாத மண்ணை இறுக்கிப் பரப்புவது அமெரிக்க விதிகள் ஏற்கும் முறை. அங்கே கல்நார்க் கழிவு புதைக்கப்பட்டது என்பது நில ஆவணத்தில் பதிவாக வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

நம்பிக்கை: கல்நார் எரியாது, ஆகவே நிலத்தடிக் கிடங்கில் தீப்பிடிக்காது.

உண்மை: கல்நார் தனியாக வருவதில்லை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில், விட்டல்சைமில் உள்ள பழைய பொட்டாஷ் சுரங்கத்தில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் ஸ்டோகாமீன் என்ற கிடங்கு 1999இல் செயல்படத் தொடங்கியது. ஆர்சனிக், சயனைடு, பாதரசக் கழிவுகளோடு கல்நார்க் கழிவும் அங்கே இறங்கியது. 2002 செப்டம்பரில் உள்ளே தீப்பிடித்தது. அதன்பின் புதிய கழிவு ஏற்பது நின்றது. எரியாத பொருளோடு எது கலந்து வருகிறது என்பதைச் சோதிக்காத கிடங்கு பாதுகாப்பானது ஆகாது.

நம்பிக்கை: சிக்கல் வந்தால் கழிவை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: ஸ்டோகாமீனுக்கு 1997இல் கிடைத்த அனுமதியும் அந்த உறுதியையே நம்பியிருந்தது. ஆனால் பொட்டாஷ் சுரங்கத்தைச் சூழ்ந்த உப்புப் பாறை அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து சுரங்கப் பாதைகளை நெருக்கும். கழிவை வைத்த அறைகள் சுருங்கும். ஏறத்தாழ 44,000 டன்னில், பின்னாளில் பாதரசக் கழிவின் பெரும்பகுதி மட்டும் மீட்கப்பட்டது. எஞ்சியது இன்றும் கீழேயே இருக்கிறது.

நம்பிக்கை: புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: கடும் வெப்பத்தில் கல்நாரின் இழை அமைப்பு சிதைந்துவிடும். பிரான்சின் மோர்சன்ஸில் ஓர் ஆலை பிளாஸ்மா சுடரால் கல்நாரை உருக்கிக் கண்ணாடி போன்ற தீங்கற்ற பொருளாக மாற்றுகிறது. மின்சாரமும் செலவும் மிகுதி என்பதால் உலகில் பெரும்பகுதிக் கழிவு இன்னமும் புதைக்கவே படுகிறது.

சுரங்கமும் ஒரு வழியாக இருக்கலாம். அது உலர்ந்த, உறுதியான பாறையில் அமைந்திருக்க வேண்டும். கழிவு பைகளுக்குள் இறுகி, பிற கழிவோடு கலவாமல் இறங்க வேண்டும். நீரும் காற்றும் கண்காணிக்கப்பட வேண்டும். வைத்த இடத்தின் பதிவு தலைமுறைகளுக்கும் நிலைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், பழைய குழியில் கொட்டுவது பிரச்சினையை அடுத்த தலைமுறையின் தலையில் சுமத்துவதே ஆகும்.