போட்டோவை வெட்டாதீங்க, பிரேமை மாத்துங்க



தீபாவளி, தைப்பொங்கல் வருகிறது என்றால் லயத்துக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சாமி படங்களையும் வீட்டுப் போட்டோக்களையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுகிறோம். அப்போதுதான் ஒரு பிரேம் விட்டுப் போயிருப்பதும், ஒரு போட்டோவில் பூஞ்சணம் பிடித்திருப்பதும் கண்ணில் படும். டவுனுக்குப் போகிறவரிடம் "வரும்போது ஒரு பிரேம் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். என்ன அளவு என்று நாமும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. வந்த பிரேமுக்குள் போட்டோ போகாவிட்டால் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறோம்.

இந்த முறை பாடம் அந்தக் கத்தரிக்கோலைப் பற்றித்தான். பிரேம் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். வெட்டின போட்டோ திரும்பக் கிடைக்காது.

நானும் வெட்டினவன்தான்

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் போட்டோ ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி அம்மாவின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. போவதற்கு முந்தின வாரம் எல்லாரும் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம் அது. 6க்கு 8 அங்குலம். பெருநாளுக்காக நான் தங்க நிறப் பூ வேலை செய்த பிரேம் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். அது 5க்கு 7. யோசிக்காமல் போட்டோவின் ஒரு பக்கத்திலும் கீழேயும் ஒரு அங்குலம் வெட்டினேன். ஓரத்தில் நின்ற மாமாவின் தோளும், அவர் கையைப் பிடித்திருந்த சின்னப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அம்மா திட்டவில்லை. தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு கடித உறையில் அந்தத் துண்டுகள் இருந்தன. ஸ்டூடியோவில் கொடுத்து, துண்டுகளைச் சேர்த்து வைத்து ஸ்கேன் பண்ணி, புதுப் படம் எடுத்தோம். நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும்.

நம்மில் பல குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதனால் கீழே உள்ளதைப் பொறுமையாகப் படியுங்க.

1. முதலில் அளவு எடுங்க

பிள்ளையின் அடிமட்டம் போதும். போட்டோவின் அகலத்தையும் உயரத்தையும் அங்குலத்தில் அளந்து ஒரு துண்டில் எழுதி, டவுனுக்குப் போகிறவர் கையில் கொடுங்க. படம் நெடுக்காக இருக்கிறதா, படுக்கையாக இருக்கிறதா என்பதையும் எழுதுங்க. சில பிரேமில் வளையம் ஒரு பக்கம்தான் இருக்கும்.

ஸ்டூடியோவில் வழக்கமாகப் போடும் அளவுகள் இவை: மூன்றரைக்கு 5, 4க்கு 6, 5க்கு 7, 6க்கு 8, 8க்கு 10, 8க்கு 12. உங்கள் போட்டோ பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும். மிகப் பழைய படங்கள் இதற்குள் அடங்காமலும் இருக்கலாம். அப்படியானால் பிரேம் அடிக்கும் கடையில் அளவு கொடுத்துச் செய்விப்பதே நல்லது.

2. கடைக்காரர் சொல்லும் அளவு எது?

"8க்கு 10 பிரேம்" என்றால் உள்ளே போகும் படத்தின் அளவு. வெளிச் சட்டத்தின் அளவு இல்லை. சட்டத்தின் அகலத்தைப் பொறுத்து வெளி அளவு இன்னும் கூடும். சுவரில் இடம் கொஞ்சமாக இருந்தால் வெளி அளவையும் கேட்டுக்கொள்ளுங்க.

சட்டத்தின் உள் விளிம்பு படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் மறைக்கும். ஓரத்தில் ஆள் நிற்கும் படத்துக்கு அதே அளவு பிரேம் போட்டால் காதோ கையோ மறையலாம். அப்படிப்பட்ட படத்துக்கு அடுத்த பெரிய பிரேமும் நடுவில் ஒரு மவுண்ட் மட்டையும்தான் ஏற்றது.

3. மவுண்ட் மட்டை எதற்கு?

மவுண்ட் என்பது நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டின தடித்த மட்டை. இதில் இரண்டு நன்மை உண்டு.

முதலாவது, சின்னப் போட்டோ பெரிய பிரேமுக்குள் அழகாக நிற்கும். 4க்கு 6 படத்தை 8க்கு 10 பிரேமில் வைத்தால் சுற்றிவர 2 அங்குலம் வெள்ளை வரும். 6க்கு 8 படத்துக்கு அதே பிரேமில் 1 அங்குலம் வரும். ஜன்னலை மட்டும் படத்தை விட ஒவ்வொரு பக்கமும் அரைக்கால் அங்குலம் சின்னதாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் படம் நழுவி வெளியே வந்துவிடும்.

இரண்டாவது நன்மைதான் நமது மலைநாட்டுக்கு முக்கியம். கண்ணாடியோடு நேராக ஒட்டி நிற்கும் போட்டோ, மழை மாதங்களில் ஈரம் பிடித்துக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். மவுண்ட் வைத்தால் இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும்.

ஏற்கனவே ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீங்க. கண்ணாடியோடு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், அப்படியே பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்க.

படத்தின் பின்னால் செய்தித்தாளோ பிஸ்கட் பெட்டி மட்டையோ வைக்க வேண்டாம். நாளானால் அதன் மஞ்சள் போட்டோவிலும் ஏறும். பசையும் செலோடேப்பும் போட்டோவில் படவே கூடாது. நான்கு மூலைக்கும் கடுதாசி மூலை மடித்து வைத்தால் போதும்.

4. போனில் எடுத்த போட்டோ

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பெரும்பாலான போன்களின் படம் 3க்கு 4 என்ற கணக்கில் வரும். அதை 4க்கு 6 தாளில் அச்சடித்தால் முழுப் படமும் அடங்காது. படுக்கையாக எடுத்த குடும்பப் படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். தலை உச்சியோ காலோ போய்விடும். நெடுக்காக எடுத்ததில் இரு பக்கமும் வெட்டுப்படும். 6க்கு 8 அளவில் கேட்டால் முழுப் படமும் வரும்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை வாட்சப்பில் அனுப்பும் படம் பெரும்பாலும் தரம் குறைந்து வரும். சின்ன அளவுக்கு அது போதும். பெரிதாகப் போட வேண்டுமானால், பிள்ளை லீவில் வரும்போது போனிலிருந்தே மூலப் படத்தை எடுத்துக்கொடுங்க.

5. ஒரே ஒரு பழைய போட்டோ

இதற்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்க: பிரதி சுவருக்கு, மூலம் பெட்டிக்கு.

ஸ்டூடியோவில் 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. அப்படிச் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு கெடாது. 4க்கு 6 படத்தை 8க்கு 12 ஆக்கலாம். அப்போது எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தாலும் தாத்தாவின் முகம் தெரியும். ஸ்கேன் பண்ணினதைப் பிள்ளைகளின் போனிலும் போட்டு வையுங்க.

மூலப் போட்டோவின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று எழுதுங்க. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்க.

பிள்ளைகளின் சான்றிதழுக்கும் இதே சட்டம்தான். சான்றிதழ் அனேகமாக ஏ4 தாள். அதன் அகலம் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் இருப்பதால் 8க்கு 12 பிரேமுக்குள் போகாது. ஏ4 பிரேம் என்றே கேளுங்க. அதிலும் போட்டோ பிரதியை மாட்டுங்க. மூலத்தை வேலைக்கும் மேற்படிப்புக்கும் கேட்பார்கள்.

6. எங்கே மாட்டுவது?

அடுப்புப் புகை வரும் பக்கம் வேண்டாம். மண்மேட்டோடு சேர்ந்து ஈரம் கசியும் சுவரும் வேண்டாம். இஸ்தோப்பில் வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும். உள் அறைகளைப் பிரிக்கும் சுவர்தான் நல்லது. பிரேமின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் சின்ன ரப்பர்த் துண்டோ தக்கைத் துண்டோ ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும். துடைக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் தெளிக்காமல் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்க. தெளித்த தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்க.

அ. 5க்கு 7 போட்டோவை 8க்கு 10 பிரேமில் நடுவாக வைத்தால் சுற்றிவர எத்தனை அங்குலம் மீதி?

ஆ. மூன்றரைக்கு 5 போட்டோவை 5க்கு 7 பிரேமில் வைத்தால் பக்கத்தில் எவ்வளவு, மேலும் கீழும் எவ்வளவு?

இ. உங்கள் வீட்டில் பிரதி இல்லாத போட்டோ எத்தனை? அதில் இருப்பவர்களின் பெயர் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

விடை: அ. ஒன்றரை அங்குலம். ஆ. பக்கத்தில் முக்கால் அங்குலம், மேலும் கீழும் ஒரு அங்குலம். இ. இதற்கு விடை உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்க.

- தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்