4,294,967,297 என்னும் பேரெண்

2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 என்பன முறையே 3, 5, 17, 257, 65,537 ஆம். இவ்வைந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் அத்தகையனவே எனப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா 1640இல் கருதினார். ஆறாவது எண்ணாகிய 2³²+1, அதாவது 4,294,967,297, 641ஆல் வகுபடும் என்பதை 1732இல் ஒயிலர் காட்டினார். ஈவு 6,700,417.

வகுத்துப் பாராமலே இதனை நாம் நிறுவுவாம். 640 = 5×2⁷. ஆதலின் 640⁴−1 = 5⁴×2²⁸−1. இது 640+1 ஆகிய 641ஆல் மீதியின்றி வகுபடும். மேலும், 641 = 5⁴+2⁴. இதனை 2²⁸ஆற் பெருக்கின் 5⁴×2²⁸+2³² வரும். இதிலிருந்து முன்னதைக் கழிக்க எஞ்சுவது 2³²+1. இரண்டும் 641ஆல் வகுபடுதலின் அவற்றின் வித்தியாசமும் வகுபடும்.

65,537இன் பின் இவ்வரிசையில் வேறொரு முதன்மை எண் இன்றுவரை காணப்படவில்லை. ஐந்து இடங்களிற் பொருந்தியது ஆறாம் இடத்திற் பொய்த்தது. எடுத்துக்காட்டுகள் பல சேரினும் அவை நிறுவல் ஆகா. மேதையர் கூற்றாயினும் ஆராய்ந்தே கொள்ளுதல் மாணவர் கடனென்க.