கிட்டங்கி மாத்திரையும் மிஞ்சும் தூளும்



பருப்பிலும் அரிசியிலும் வண்டு விழாதிருக்கக் கிட்டங்கியில் மாத்திரை வைக்கிறோம். தார்ப்பாயைப் போர்த்தும்போது இருக்கும் கவனம், அதைப் பிரிக்கும்போது நம்மிடம் இருப்பதில்லை. ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

மாத்திரையில் இருப்பது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயு தரும். வேலை செய்யும் இடத்துக் காற்றில் பத்து லட்சத்தில் 0.3 பங்குக்கு மேல் இது இருக்கலாகாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடை அடிப்பதுண்டு. வாடை இல்லை என்பதால் வாயுவும் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

கடைசியில் மிஞ்சும் சாம்பல் நிறத் தூளை வெறும் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளுகிறோம். அதில் வேலை முடியாத மருந்து கொஞ்சம் இருக்கும். மூடிய டின்னிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்தால் வாயு சேர்ந்து தீப்பிடிக்கலாம். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் வாயு மேலும் கிளம்பும். உலர்ந்த மணலே உதவும். 1984 டிசம்பரில் போபாலிலும் தொட்டியிலிருந்த இரசாயனத்தில் தண்ணீர் புகுந்துதான் விஷவாயு ஊரைச் சூழ்ந்தது. மருந்து வேறு, பாடம் ஒன்றே.

ஆகவே மாத்திரை வைக்குமுன் ஒரு தாளில் திட்டம் எழுதி வைப்போம்:

1. உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தாரையே அழைக்க வேண்டும். கடைப் பையன் கையில் மாத்திரையைக் கொடுக்கலாகாது.

2. சுவரொட்டிய கடைக்காரர்களுக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிட்டங்கியிலோ அதன் மாடியிலோ எவரும் படுக்கக்கூடாது. வாசலில் எச்சரிக்கைப் பலகை; சாவி ஒருவரிடம் மட்டும்.

3. பிரிக்கும் நாளில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கருவியால் வாயுவை அளந்த பின்னரே மூட்டை தூக்குவோரை உள்ளே அனுப்ப வேண்டும்.

4. தூளை அகற்றும் பொறுப்பையும் மருந்து வைப்போரிடமே பேசி முடிக்க வேண்டும். திறந்த வெளியில், சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறி, மூடாமல் வைப்பது முறை. தூளின் மேல் தண்ணீர் ஊற்றலாகாது.

5. எவருக்கேனும் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும்.

வண்டு விழுந்த சரக்கால் வரும் நஷ்டத்தை அடுத்த லோடில் ஈடுகட்டலாம். மூட்டை சுமப்பவர் வீடு திரும்பாவிட்டால், அவர் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொண்டு ஈடுகட்டுவோம்? அந்தத் தாளை இன்றே எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டி வைப்போம்.