சுண்ணாம்புக் குறி போட்ட கட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மானாமதுரையில் இடம் பிடித்து விறகுக் கடை போடப் போகிறாய், குட்டி யானை வண்டிக்கு முன்பணமும் கட்டிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். இந்தக் காலத்தில் விறகை யார் வாங்குவார்கள் என்று உன் சித்தப்பா கேட்டாராம். வீட்டு அடுப்பை கேஸ் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் கல்யாண மண்டபத்துப் பின்கட்டிலும், பிரியாணிக் கடையிலும், கோயில் அன்னதானத்திலும் விறகு இன்னும் எரிகிறது. சரக்குக்கும் குறைவில்லை. உங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம்தான். நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஈரத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் நான் பட்ட நஷ்டம், கெட்ட பெயர் எல்லாம் அதனால் வந்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1 டன் பச்சை விறகு, கிலோ 3 ரூபாய் என்று வாங்குகிறாய் என்று வைத்துக்கொள். வெட்டிய அன்று அதில் நூற்றுக்கு 40 பங்கு தண்ணீர் இருந்தால், கட்டை 600 கிலோ, தண்ணீர் 400 கிலோ. அது நன்றாக எரிய வேண்டுமானால் ஈரம் நூற்றுக்கு 20 பங்காக இறங்க வேண்டும். அப்படிக் காய்ந்து முடியும்போது உன் களத்தில் 750 கிலோதான் மிஞ்சும். கால் டன் காற்றோடு போய்விட்டது. 3 ரூபாய்க்கு வாங்கிய விறகு, உடைப்புக் கூலியும் ஏற்று கூலியும் சேராமலே 4 ரூபாய் ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் மூன்றரைக்கு விலை பேசிவிடுகிறார்கள். பிறகு கையைக் கடிக்கும்போது பச்சை விறகையே எடை போட்டுத் தள்ளத் தொடங்குகிறார்கள்.

நானும் தள்ளியிருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதம், பெரிய கல்யாண ஆர்டர். களத்தில் காய்ந்த சரக்கு பாதிதான் இருந்தது. அடியில் பச்சையை அடுக்கி மேலே காய்ந்ததைப் பரப்பி அனுப்பிவிட்டேன். விடியற்காலை 4 மணிக்கு மண்டபத்திலிருந்து ஆள் வந்தது. போனால் பின்கட்டு முழுக்கப் புகை. அண்டாவில் உலை கொதிக்கவில்லை. பாத்திரம் துலக்க வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார்கள். தவசுப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்து என் முன்னால் நீட்டினார். ஒரு முனை எரிகிறது. வெட்டுப்பட்ட மறுமுனையில் நுரை கட்டி, சீறிச் சீறித் தண்ணீர் சொட்டுகிறது. அடுப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது. அன்று அந்தப் பெண்களின் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பந்தி இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. பணத்தை வாங்காமல் வந்தேன். ஆனாலும் அந்த மண்டபம் என்னிடம் திரும்ப வர மூன்று வருஷம் ஆனது.

அதனால் காயவைப்பதில்தான் உன் புத்தி முழுவதும் இருக்க வேண்டும். உருட்டுக் கட்டையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். வந்த வாரமே உடைத்துவிடு. தூர்க்கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். கூலி கூடத்தான் ஆகும், ஆனால் தணல் நின்று எரியும் என்பதால் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள். விறகை அடுக்கும் அட்டியைத் தரையில் போடாதே. இரண்டு வரிசை கல் வைத்து அதன்மேல் அடுக்கு. காற்றும் புகும், கரையானும் ஏறாது. தார்ப்பாயை மேலே மட்டும் போடு. நாலு பக்கமும் இழுத்து மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். அட்டிக்குள் கையை விடாமல் கம்பியால் தட்டிவிட்டு எடுக்கச் சொல். தேளும் கட்டுவிரியனும் அங்கேதான் குடியிருக்கும்.

காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டு. காய்ந்தது ‘டங்’கென்று சொல்லும், பச்சை ‘தொத்’தென்று விழும். காய்ந்த கட்டையின் வெட்டுமுனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும். இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. புதுச் சரக்கு வந்த அன்றே 5 கிலோ எடையில் ஒரு கட்டையைப் பிளந்து, சுண்ணாம்பால் குறி போட்டு அட்டியின் நடுவில் வை. வாரம் ஒரு தடவை எடுத்து நிறுத்து நோட்டில் எழுது. நான் சொன்ன கணக்குப்படி அது 3 கிலோ 750 கிராமை ஒட்டி வரும்போது அந்த அட்டி விற்பனைக்குத் தயார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் கூழுக்குப் போவது போக, அந்த மாதத்தை வாங்குவதற்கும் உடைப்பதற்கும் வைத்துக்கொள். புரட்டாசி வெயில் முடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டியது காய்ந்து கூரைக்குள் போயிருக்க வேண்டும்.

கண்மாய்க்குள் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் ஏலக் காகிதத்தைக் கேள். கண்மாய்களில் வனத்துறை நட்ட நாட்டுக் கருவேலம் உண்டு. காய் மணி மணியாகக் கோத்தது போல இருக்கும். அது கலந்து வந்தால் வழக்கு உன் பெயரில் வரும். பட்டா நிலத்துச் சரக்கு என்றாலும் எழுத்தில் வாங்கி வை. அரளிக் கட்டை கண்ணில் பட்டால் எடுத்து எறி. அதன் புகையே நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய சட்டங்களைச் சமையலுக்கு ஒருபோதும் கொடுக்காதே. தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டுக்கொள்.

கொண்டுபோய் இறக்குவதில்தான் வாடிக்கை நிற்கும். டீக்கடைக்கு ஓரடி நீளம், அண்டா அடுப்புக்கு இரண்டரை அடி. கேட்டுத் தெரிந்துகொண்டு வெட்டு. வண்டியில் ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதே. இறக்குகிற இடத்தில் கொட்டிவிட்டு வராமல் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக் கொடு. பற்றவைக்க ஒரு கட்டுச் சுள்ளியும் காய்ந்த பாளையும் கணக்கில் சேர்க்காமல் வை.

சில நாள் நடுராத்திரியில் மயானத்துக்கு விறகு கேட்டு வருவார்கள். எழுந்து போ. விலையைக் கூட்டாதே, அன்றைக்குக் காசும் கேட்காதே. காரியம் முடிந்த பிறகு அவர்களே வந்து கொடுப்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் இரண்டொருவர் இருப்பார்கள்; அதை நோட்டில் ஏற்ற வேண்டாம். அந்தச் சரக்கு உன் களத்திலேயே நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். அங்கே யாரையும் ஊதிக்கொண்டு நிற்க வைக்கக் கூடாது.

முள் குத்தாத செருப்பு ஒரு ஜோடி உன் அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதல் லோடு வந்ததும் குறி போட்ட கட்டையின் எடையை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா